கேமரா கேட்காத அனுமதி

பிறர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வாசலில் நின்று ஸலாம் கூறி அனுமதி பெற வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் மனக்கசப்பின்றித் திரும்பிச் சென்றுவிட வேண்டும். அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம் இது. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களாயினும், பருவமடையாத பிள்ளைகளும் பணியாளர்களும்கூட மூன்று நேரங்களில் அனுமதி பெற்றே அறைக்குள் வர வேண்டும் என்று அது விதிக்கிறது: ஃபஜ்ருத் தொழுகைக்கு முன்பு, நண்பகலில் மேலாடை களைந்து ஓய்வெடுக்கும் வேளை, இஷாத் தொழுகைக்குப் பின்பு.

இன்று யூடியூபைத் திறந்து பாருங்கள். நம் சமுதாயக் குடும்பங்கள் நடத்தும் சேனல்களில் அடிக்கடி கண்ணில் படும் தலைப்புகள் எவை? 'மார்னிங் ரொட்டீன்', 'ஆஃப்டர்நூன் ரொட்டீன்', 'நைட் ரொட்டீன்'. பெற்ற பிள்ளையே அனுமதி கேட்டு வர வேண்டிய அதே மூன்று நேரங்களுக்குள், முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரை நாமே கைபிடித்து அழைத்து வருகிறோம். அவர்கள் ஸலாம் சொல்வதில்லை. திரும்பிப் போவதும் இல்லை.

அன்றாட வாழ்வைப் படம்பிடித்து வெளியிடும் இவ்வழக்கத்தைப் பற்றி நாம் எழுப்பும் கேள்வி ஒன்றே. செல்பேசியைக் கையில் பிடித்திருப்பவருக்கு, அவ்வீட்டில் வாழும் மற்றவர்களின் மறைவை விற்கும் உரிமையை யார் கொடுத்தது? தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை. நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவரிடம் கேட்கவில்லை. உதவி நாடி வாசலுக்கு வந்த ஏழையிடம் கேட்கவில்லை. கணவரின் முகம் வாடும் என்று அஞ்சித் தலையசைத்த மனைவியிடம் கேட்டதாகச் சொல்வது கேட்டதாகாது. வீட்டின் மறைவு அவ்வீட்டார் அனைவரும் ஒருவரிடம் ஒருவர் ஒப்படைத்திருக்கும் அமானத். அதை ஒருவர் எடுத்து விற்பது அமானத மோசடி. இதில் மென்மையாகப் பேசுவதற்கு இடமிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக்குள் ஒரு துவாரத்தின் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அப்போது கையில் தலைகோதும் கூர்மையான கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். அவர் பார்ப்பது தெரிந்திருந்தால் அதைக் கொண்டே அவர் கண்ணில் குத்தியிருப்பேன் என்று சொல்லிவிட்டு, அனுமதி கேட்கும் சட்டம் ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். கால் உள்ளே வருவதற்கு முன்பே கண் உள்ளே வந்துவிடுகிறது என்பதால்தான் இந்த ஏற்பாடு. அந்தத் துவாரத்தை இன்று நாமே சுவரில் துளையிட்டு, பார்ப்பவர்களுக்கு நன்றியும் சொல்கிறோம்.

ஒரு சேனல், மூன்று காணொளிகள்

சென்னையைச் சேர்ந்த யூடியூபர் இர்ஃபானைத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அறியாதவர் குறைவு. 'இர்ஃபான்ஸ் வியூ' என்னும் அவருடைய சேனல் உணவகங்களைப் பற்றிப் பேசி வளர்ந்தது. உணவைப் பற்றிப் பேசியவரை நாம் குறை சொல்லவில்லை. சேனல் வளர வளர, உணவு மேசையிலிருந்து கேமரா வீட்டுக்குள் திரும்பியது. அதன்பின் நடந்தவை அரசின் நடவடிக்கைகளிலும் நாளிதழ்களிலும் பதிவானவை. அவற்றை மட்டுமே இங்கே குறிப்பிடுகிறோம்.

2024 மே மாதம், தம் மனைவியின் கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் துபாயில் பரிசோதித்து அறிந்து, அதைக் கொண்டாட்டமாக அறிவிக்கும் காணொளியை அவர் வெளியிட்டார். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து வெளிப்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் 1994 முதல் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவத் துறை அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. காணொளி நீக்கப்பட்டது, அவர் மன்னிப்புக் கேட்டார்.

அச்சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. பெண் என்று அறிந்தால் கருவிலேயே அழிக்கும் கொடுமை நாடெங்கும் பரவியிருந்தது. தமிழ்நாட்டில் உசிலம்பட்டியின் பெயர் பெண் சிசுக் கொலையோடு சேர்த்துப் பேசப்பட்டதையும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதையும் நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தை, எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் விசாரிக்கப்படுவாள் எனத் தக்வீர் அத்தியாயத்தின் 8, 9ஆம் வசனங்கள் எச்சரிக்கின்றன. அவ்வசனங்களை ஓதும் சமுதாயம் இச்சட்டத்தை மற்ற எல்லோருக்கும் முன்பாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாவது காணொளி வந்தது. பிரசவ அறுவை அரங்குக்குள் கேமரா சென்றது. குழந்தையின் தொப்புள்கொடியை அவரே வெட்டும் காட்சி வெளியானது. மருத்துவத் துறை காவல் துறையில் புகார் அளித்தது; அனுமதித்த தனியார் மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதமும் 10 நாள் தடையும் விதிக்கப்பட்டன. மூன்றாவது காணொளி 2025 ரமலானில் வந்தது. காரில் அமர்ந்தபடி ஏழைகளுக்குப் பெருநாள் உதவி வழங்கும் காட்சியும், சூழ்ந்து நின்ற மக்களைப் பற்றி அதில் பேசப்பட்ட விதமும் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. அதற்கும் அவர் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டவரை மீண்டும் மீண்டும் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமில்லை. அவருடைய நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான். மூன்று காணொளிகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று மட்டும் தெளிவாகிறது. முதலாவதில் கருவில் இருந்த சிசு. இரண்டாவதில் மயக்க மருந்தும் வலியும் சூழ்ந்த பிரசவ அறையில் ஒரு தாயும் பிறந்து சில நொடிகளே ஆன குழந்தையும். மூன்றாவதில் கை நீட்டி நின்ற ஏழைகள். கேமராவின் பின்னால் இருந்தவருக்கு விருப்பம் இருந்தது. முன்னால் இருந்தவர்களில் சிசுவுக்கு மறுக்கும் வாயில்லை. ஏழைக்கு மறுக்கும் நிலையில்லை.

ஒரு தனிமனிதரைத் திட்டித் தீர்த்துவிட்டு நாம் நல்லவர்களாகிவிட முடியாது. அந்தக் காணொளிகளை இலட்சக்கணக்கில் பார்த்தது யார்? நீக்கப்பட்ட பின்பும் அவற்றின் பிரதிகளைத் தேடிப் பார்த்தது யார்? கண்டனம் என்ற பெயரில் அதே காட்சிகளை வெட்டி ஒட்டி மீண்டும் வெளியிட்டு, அதிலும் வருவாய் ஈட்டியது யார்? வாங்க ஆளில்லாத கடையில் சரக்கு அடுக்கப்படுவதில்லை.

தினமும் தீனி கேட்கும் வணிகம்

இவ்வணிகம் இயங்கும் முறையைக் குடும்பத்தினர் அறிந்துகொள்ள வேண்டும். யூடியூபில் விளம்பர வருவாய் பெறுவதற்கான வழக்கமான வழி, 1,000 சந்தாதாரர்களையும் 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையையும் எட்டுவது. நீண்ட காணொளிகளுக்கு விளம்பரத் தொகையில் 55 விழுக்காடு சேனலுக்கு வருகிறது. மீதம் நிறுவனத்துக்குப் போகிறது. ஆகவே எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதே கணக்கு. பார்த்ததில் பயன் இருந்ததா, பார்க்கப்பட்டவர் மனம் நோகாமல் இருந்தாரா என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை.

சமையல் கற்றுத் தருபவருக்கு அடுத்த வாரம் இன்னொரு சமையல் இருக்கிறது. வாழ்க்கையையே காட்டுபவருக்கு? நேற்று போலவே இன்றும் சோறு வடித்து, துணி துவைத்து, தொழுது உறங்கினோம் என்றால் யார் பார்ப்பார்கள்? அதனால் ஏதாவது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் நடத்த வேண்டும். உறங்கும் பிள்ளையைத் திடுக்கிட எழுப்பி அழவைப்பது 'பிராங்க்' ஆகிறது. மாமியார் மருமகள் மனத்தாங்கல் இரண்டு பாகங்களாக வெளிவருகிறது. மருத்துவமனை வாசலில் கண்ணீர் துடைக்கும் முகம் முகப்புப் படமாகிறது. பின்னர் மையித்து வீடும் வருகிறது. ஜனாஸாவைச் சுமக்க வேண்டிய தோள் ஒன்று, செல்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடக்கிறது.

இப்படி வாழும் வீட்டில் மகிழ்ச்சியும் துயரமும் இரண்டாம் முறையாகவே நிகழ்கின்றன. பரிசைப் பிரித்த பிள்ளையிடம், வெளிச்சம் சரியில்லை, மறுபடி பிரித்துக் காட்டு என்கிறோம். முதல் நோன்பு வைத்த சிறுமியிடம், பசிக்கிறதா என்று கேட்பதற்கு முன் கேமராவைப் பார்த்துச் சொல் என்கிறோம். தான் நோற்ற நோன்பு இறைவனுக்கும் தனக்கும் இடையிலான இரகசியம் என்பதைக் கற்க வேண்டிய வயதில், அது பார்வையாளருக்கான நிகழ்ச்சி என்பதை அக்குழந்தை கற்கிறது. முகஸ்துதியைச் சிறிய இணைவைப்பு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. அந்நோயைப் பிள்ளைக்குத் தாயும் தந்தையுமே ஊட்டுகிறோம்.

குழந்தையின் உழைப்பு யாருடைய சொத்து?

திரைப்படத்தில் ஒரு குழந்தை நடிக்க வேண்டுமானால் இந்தியச் சட்டம் சில வரம்புகளை வைத்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பின் வந்த விதிகளின்படி, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது. அக்குழந்தை ஈட்டும் வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டை அதன் பெயரில் தேசியமய வங்கியில் நிரந்தர வைப்பாகச் செலுத்த வேண்டும்.

வீட்டில் எடுக்கும் காணொளிகளுக்கு இந்த ஆட்சியர் வருவதில்லை. நேரக் கணக்கு இல்லை. வைப்பு நிதி இல்லை. காலையில் பல் துலக்குவதிலிருந்து இரவில் போர்வைக்குள் சுருள்வது வரை குழந்தை நடித்துக்கொண்டே இருக்கலாம். படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்குப் போகலாம் என்றால், படப்பிடிப்பு நடப்பதே வீட்டில்தான். 2023ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுகளுக்குப் பெற்றோரின் சம்மதத்தையே கேட்கிறது. விற்பவரே பெற்றோராக இருந்தால் அச்சம்மதத்தால் குழந்தைக்கு என்ன காவல்?

பிற நாடுகள் விழித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. பிள்ளைகளின் உருவப்பட உரிமையைப் பெற்றோர் மதித்து நடக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், குடும்பக் காணொளிகளில் தோன்றும் பிள்ளைகளுக்கு வருவாயில் பங்கு ஒதுக்கிவைப்பது கட்டாயம். யூட்டா மாநிலத்தில் ஆறு பிள்ளைகளின் அன்றாடத்தைக் காட்டி '8 பாசஞ்சர்ஸ்' என்னும் புகழ்பெற்ற சேனலை நடத்திய ரூபி பிராங்க், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காக 2023 ஆகஸ்டில் கைதாகி, 2024இல் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய மூத்த மகள் ஷாரி, குடும்பக் காணொளித் தொழிலில் ஒழுக்கமான வழி என்று ஒன்று இல்லை எனும் கருத்தை அம்மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் நேரில் எடுத்துரைத்தார். கேமராவின் முன் வளர்ந்த பிள்ளையின் சாட்சியம் இது.

நமக்குப் பிரான்ஸும் யூட்டாவும் கற்றுத் தர வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது. குழந்தைக்குத் தனிச் சொத்துரிமை உண்டு என்பதும், அதை நிர்வகிக்கும் பொறுப்பாளர் அதன் காவலரே தவிர உரிமையாளர் ஆகமாட்டார் என்பதும் நம் ஃபிக்ஹ் நூல்களில் தெளிவாக உள்ளவை. அக்குழந்தையின் முகத்தால் வந்த பணத்தில் வாகனம் வாங்கிய தந்தை, அதில் எவ்வளவு தம்முடையது, எவ்வளவு பிள்ளையுடையது என்று கணக்குப் பார்த்ததுண்டா?

இன்னொரு அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். சிறுவர் சிறுமியர் விளையாடும் சாதாரணக் காணொளிகளின் கீழே தீய எண்ணம் கொண்டோர் கூடி ஆபாசக் கருத்துகள் எழுதுவது அம்பலமானதால், 2019 பிப்ரவரியில் யூடியூப் நிறுவனமே சிறார் தோன்றும் பெரும்பாலான காணொளிகளில் கருத்துப் பகுதியை மூடும் முடிவை அறிவித்தது. தாய் பதிவிட்டது நீச்சல் பழகும் மகளின் மகிழ்ச்சி. அதை எவன் எந்தக் கண்ணால் பார்க்கிறான் என்பது தாய்க்குத் தெரியாது. கண்ணேறு உண்மை என்பது நபிமொழி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் கண் பட்டதோ என்று ஓதிப் பார்க்கும் நாம், ஆயிரமாயிரம் கண்களின் முன் அப்பிள்ளையை நிறுத்துவதற்கு மட்டும் தயங்குவதில்லை.

ஏழையின் முகம்

கோட்டூர்புரத்தில் அடையாற்றின் கரையில் வாழ்பவர்களுக்கு 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு மறக்காது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் ஆற்றில் பெருகி வந்து, வீடுகளின் தரைத்தளங்களை மூழ்கடித்தது. மாடிகளில் ஏறி நின்றவர்கள் படகுகளில் மீட்கப்பட்டார்கள். அந்நாட்களில் நகரின் பள்ளிவாசல்கள் பல, மத வேறுபாடின்றி மக்கள் தங்குவதற்குத் திறந்துவிடப்பட்டன. நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து சென்றார்கள். நீர் வடிந்த பின், ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் தொண்டர்கள் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை ஆகிய பகுதிகளில் கோயில்களைச் சுத்தம் செய்ததும் செய்தியானது. அதைப் பிறர் பார்த்து, பிறர் எழுதினார்கள்.

அப்போதும் எல்லோர் கையிலும் செல்பேசி இருந்தது. எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்குப் பால் வேண்டும், எந்த முதியவருக்கு மருந்து வேண்டும் என்பதைத் தெரிவிக்க அது பயன்பட்டது. கருவியின் மீது நமக்குப் பகை இல்லை என்பதற்கு அந்த நாட்களே சான்று.

அதே வெள்ளத்தின்போது, தனியார் திரட்டித் தந்த நிவாரணப் பொருள்களிலும் ஆட்சியில் இருந்தவரின் படம் ஒட்டப்பட்டதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. பசித்தவனுக்குத் தரும் பொட்டலத்தில்கூடவா படம் என்று நாடே கொதித்தது. நாமும்தான் கொதித்தோம். இன்று ரமலானில் நாம் செய்வது என்ன? அரிசிப் பையை நீட்டும் கை நம்முடையது. வாங்கும் முகம் ஏழையுடையது. இரண்டும் ஒரே சட்டகத்தில் அடங்கும் வரை பையை விடாமல் பிடித்திருக்கிறோம். அன்று பொட்டலத்தின் மீது ஒட்டினார்கள். இன்று ஏழையின் முகத்தின் மீதே நம் பெயரை ஒட்டுகிறோம்.

தர்மத்தை வெளிப்படையாகச் செய்யலாம் என்று பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் அனுமதிக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அவ்வசனத்தை முழுமையாகப் படியுங்கள். வெளிப்படையாகக் கொடுப்பது நல்லதே; மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்பதே அதன் கருத்து. மேலும், கொடுப்பவர் தம் தர்மத்தை வெளிப்படுத்த அங்கே இடமிருக்கிறதே ஒழிய, வாங்குபவரின் வறுமையை வெளிப்படுத்த இடமில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று அதே அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரித்துவிட்டது. வலக்கை கொடுத்ததை இடக்கை அறியாதவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்ற நற்செய்தியைச் சிறுவயதில் மக்தபில் படித்தோம். இன்று இடக்கையில்தான் செல்பேசி இருக்கிறது.

அந்தப் பையை வாங்கிச் சென்ற தாயின் மகன் பள்ளியில் படிக்கிறான். அவனுடைய வகுப்புத் தோழன் அக்காணொளியைப் பார்க்கிறான். மறுநாள் காலை வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதை நன்கொடையாளர் ஒருவராவது எண்ணிப் பார்த்திருப்பாரா? ஜகாத் ஏழையின் உரிமை. தன் உரிமையைப் பெறுவதற்கு ஒருவர் தம் மானத்தைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

பகிர்ந்தவர்கள் யார்?

இவ்வழக்கம் காணொளி எடுப்பவரோடு நிற்பதில்லை. பார்ப்பவரின் உள்ளத்தையும் மாற்றுகிறது. பிறர் வாழ்வு முழுவதும் நாம் பார்ப்பதற்காகவே இருக்கிறது என்னும் எண்ணம் பழகிவிட்டால், எதைப் பார்க்கக் கூடாது, எதைப் பரப்பக் கூடாது என்ற தயக்கம் மரத்துப்போகிறது. அதன் கசப்பான சான்றும் நம் பகுதியிலேயே இருக்கிறது.

2024 டிசம்பர் 23 இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். குற்றவாளி கோட்டூர்புரத்தில் நடைபாதையில் பிரியாணிக் கடை நடத்தியவன். செல்பேசியில் படம் எடுத்ததைக் காட்டி மிரட்டுவதே அவன் ஆயுதமாக இருந்தது. மாணவி அஞ்சி ஒடுங்காமல் கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் அளித்தார். அந்த முதல் தகவல் அறிக்கை, பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28 அன்று மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

குற்றம் செய்தவனுக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. கசிந்த அந்த ஆவணத்தை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பியவர்களுக்கு? அவர்கள் கொடியவர்கள் இல்லை. காலையில் நல்வாழ்த்து அனுப்பும் சாதாரண மனிதர்கள். சிலர் வீட்டில் அதே வயது மகள் இருந்திருப்பாள். வந்தது, பார்த்தோம், அனுப்பினோம். ஒரு பெண்ணின் மானம் கட்டைவிரலின் கீழே கடந்து சென்றது என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

இங்கே மீண்டும் அந்நூர் அத்தியாயத்துக்கு வருவோம். அனுமதி கேட்கும் ஒழுக்கத்தைச் சொல்வதற்கு முன்பு அவ்வத்தியாயம் எதைப் பேசுகிறது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறைப் பேசுகிறது. இட்டுக்கட்டியவர்களை மட்டும் கண்டித்துவிட்டு அது நின்றுவிடவில்லை. அறியாததை நாவிலிருந்து நாவுக்குக் கடத்தி, அதை அற்பமாக எண்ணியவர்களை 15ஆம் வசனம் கண்டிக்கிறது. நீங்கள் அற்பமாக எண்ணினாலும் அல்லாஹ்விடம் அது மிகப் பெரியது என்று எச்சரிக்கிறது. மானத்தைக் காக்கும் வசனங்களும் வாசலைக் காக்கும் வசனங்களும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. வாசலை இழந்த சமுதாயம் மானத்தைக் காக்க முடியாது என்பதே இவ்வரிசையிலிருந்து நாம் பெறும் பாடம்.

எதிர்வாதங்கள் சில

"கணவர் வளைகுடாவில் இருக்கிறார், பிள்ளை வளர்வதை அவர் பார்க்க வேண்டாமா?" கட்டாயம் பார்க்க வேண்டும். அவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு தந்தையின் ஏக்கத்துக்கு இலட்சம் அந்நியர்கள் சாட்சியாக வேண்டியதில்லை.

"வீட்டில் இருந்தபடியே பெண்கள் கண்ணியமாகச் சம்பாதிக்கிறார்கள், அதைக் கெடுக்கலாமா?" கெடுக்க வரவில்லை. பிரியாணித் தம் போடுவதையும், வட்டிலப்பம் செய்வதையும், தையலையும், அரபு எழுத்துகளையும் கற்றுத் தரும் சகோதரிகள் பலர். அவர்கள் விற்பது தம் திறமையை. கையும் பாத்திரமும் தெரிந்தால் போதும், பாடம் நடந்துவிடும். திறமையை விற்பதும் குடும்பத்தை விற்பதும் ஒன்றாகா. பல வீடுகளில் இவ்விரண்டுக்கும் இடையே கோடு அழிவது, பார்வை குறையும் மாதத்தில்தான். அம்மாதத்தில் மனைவி மேல் அழுத்தம் கொடுப்பது பெரும்பாலும் ஆண்கள் என்பதையும், பின்னர் ஊர் பேசும்போது பழி ஏற்பது பெண்தான் என்பதையும் நம் ஆண்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"எங்கள் வாழ்க்கை, எங்கள் விருப்பம்" என்பது மூன்றாவது வாதம். தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமை வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கும் உண்டு. உங்கள் விருப்பம் உங்கள் முகத்தோடு முடிகிறது.

என்ன செய்யலாம்?

காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடுவதற்கென்றே முடுக்குகள் என்னும் சிறு சந்துகளை விட்டுக் கட்டினார்கள் நம் முன்னோர்கள். அக்காலத்து ஏற்பாடுகள் அனைத்தையும் அப்படியே மீட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வீடு கட்டும்போதே வீட்டாரின் மறைவை எண்ணிய அந்த அக்கறையாவது நம்மிடம் மிஞ்ச வேண்டும்.

ஒவ்வொரு முஹல்லா ஜமாஅத்தும் நிர்வாகக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றலாம். பைத்துல்மால், ஜகாத், ஃபித்ரா விநியோகத்தில் பயனாளியின் முகம் எங்கும் படமாகாது. கணக்குக் காட்டக் கையொப்பமும் பதிவேடும் போதும். மையித்து வீட்டிலும் கபர்ஸ்தானிலும் காணொளி எடுக்க இடமில்லை. நிக்காஹ் மஜ்லிஸில் பெண்கள் பகுதிக்குள் படக்கருவி செல்வது அப்பெண்களின் சம்மதம் இன்றி நடக்காது. இமாம்கள் ஒரு ஜும்ஆவிலாவது அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைச் செல்பேசியோடு சேர்த்து விளக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. படம் எடுக்கும் முன் கேளுங்கள், பிள்ளையானாலும் கேளுங்கள். வேண்டாம் என்றால் மனக்கசப்பின்றிச் செல்பேசியைக் கீழே வையுங்கள். ஏற்கெனவே வெளியிட்டவற்றில் பிறர் மறைவு இருந்தால் நீக்குங்கள். இன்னொரு குடும்பத்தின் படுக்கையறையோ கண்ணீரோ திரையில் வந்தால், பார்க்காமல் கடந்து செல்லுங்கள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 முதல் திறந்திருக்கிறது. அதில் குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். போனதைக் காணொளியாக்க வேண்டாம். அவர்கள் என்ன படித்தார்கள் என்பது அவர்களுக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதும்.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை இம்மையிலும் மறுமையிலும் அல்லாஹ் மறைப்பான் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நபிமொழி. மறுமையில் நம் அனைவருக்கும் தேவைப்படும் அந்தத் திரையை, இங்கே நம் வீட்டாருக்கு நாம் கொடுத்தாக வேண்டும். யா அல்லாஹ்! எங்கள் வீடுகளின் மறைவைக் காப்பாயாக! எங்களிடம் நீ ஒப்படைத்த பிள்ளைகளின் கண்ணியத்தில் நாங்கள் மோசடி செய்யாமல் எங்களைத் தடுத்தாட்கொள்வாயாக! ஆமீன்.